ஜீப்பின் பின்னால் இருந்த குண்டு

வெடிப்பதை அல்ல. நான் குண்டு என்று எழுதியது, ட்ரெய்லர் கொளுவுவதற்காக ஜீப்பின் பின்புறம் பொருத்தியிருக்கும் இரும்பு உருண்டையை. தோட்டத்தில் எல்லோரும் அதைக் குண்டு என்றே சொல்வார்கள். சின்னதுரை என்று நாங்கள் அழைக்கும் உதவி முகாமையாளரும் அப்படித்தான் சொல்வார்.

என் பெயர் அழகமுத்து சீதா. வயது 27. முகவரி 41/3, மஹய்யாவ, கண்டி. மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எழுதுவினைஞர்.

2007 ஒக்டோபர் 9ஆம் திகதி மாலை மழையில் சின்னதுரையின் ஜீப் தோட்டத்து மேற்பிரிவில் கானுக்குள், அதாவது வடிகாலுக்குள், இறங்கிவிட்டது. காலையில் வரும்போது இழுவைப் பட்டி வாங்கி வரும்படி தொலைபேசியில் சொன்னார். அதன்படி 10ஆம் திகதி அக்குறணையில் ஹலீம் என்பவரின் கடைக்குப் போனேன். அவர் ஜீப்பின் எடையைக் கேட்டார். அதன் பிறகு பட்டியை எடுத்துப் போட்டுச் சொன்னார்:

"எடய விட மூணு மடங்கு தாங்குறத எடுங்க தங்கச்சி. குண்டுல மட்டும் கொளுவ வாணாம். சேத்துல இருந்து இழுத்தா ஒடஞ்சி பறக்கும். அடிச்சட்டத்துல ஷக்கிள் போட்டுப் பூட்டுங்க."

பட்டியும், பூட்டுவதற்கு ஷக்கிள் எனும் இரும்பு வளையங்கள் இரண்டும் வாங்கினேன். வழியில் சோதனைச் சாவடியில் பட்டியை விரித்துக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன்.

டிரக்டர் ஓட்டும் வீரையா அண்ணன் வாயால் சொன்னால் சிரிப்பார். எழுதிக் கொடுத்தால் மடித்து வைத்துக்கொள்வார். ஆகவே பஸ்ஸில் வைத்து ஒரு தாளில் எழுதினேன். "சின்னதுரை ஜீப். குண்டில் மாட்டாதே. மாட்டினால் ஆள் சாவான்." நீங்கள் காட்டிய தாள் அதுதான். எழுத்து என்னுடையது.

அதன் பிறகு மேற்பிரிவுக்குப் போனோம். வீரையா அண்ணன் தாளை வாசித்துச் சட்டைப்பையில் வைத்தார். பின்பு சேற்றில் படுத்து, ஜீப்பின் அடிச்சட்டத்தைக் கையால் தேடினார். சின்னதுரை மணிக்கூட்டைப் பார்த்தார்.

"டேய், எரும மாதிரி பொரளவா ஒனக்குச் சம்பளம்? குண்டுல கொளுவு."

"சேர், கடையில வேணாம்னு சொன்னாங்க" என்றேன்.

"அப்ப கடக்காரன வந்து தொரயா இருக்கச் சொல்லு."

நின்றவர்கள் சிரித்தார்கள். வீரையா அண்ணனும் சிரித்தார். "விடும்மா, ரெண்டு இழுவதானே" என்று சொல்லிவிட்டு டிரக்டரில் ஏறினார்.

முதல் இழுவையில் ஜீப் ஒரு சாண் நகர்ந்தது. பட்டியைத் தளர்த்திவிட்டு வேகமாக எடுக்கும்படி சின்னதுரை கத்தினார். இரண்டாம் இழுவையில் குண்டு முறிந்து, பட்டியோடு பறந்து, வீரையா அண்ணனின் காதுக்குப் பின்னால் இறங்கியது. டிரக்டர் தொடர்ந்து ஓடித் தேயிலைச் செடிகளில் முட்டி நின்றது. சத்தம் ஓயவில்லை. யாரோ ஏறி, வீரையா அண்ணனின் உடலை விலக்கி நிறுத்தினார்கள்.

அதன் பிறகு சின்னதுரை ஜீப்பைச் சுற்றிவந்து பார்த்தார். "புது பம்பர்" என்றார்.

ஷக்கிள்கள் பையில் இருந்தன. உறை பிரிக்கவில்லை.

குண்டு என்றால் என்னவென்று தனக்குத் தெரியாது எனச் சின்னதுரை சொல்லியிருப்பதாக இங்கே பொலிஸ் நிலையத்துக்கு வந்தபின் அறிந்தேன். இதை எழுதும் கான்ஸ்டபிள் சாஹுல் ஹமீது அவர்கள், "இந்த நாள்ல ஒங்களுக்கு வேற சொல்லே கெடைக்கல்லயா தங்கச்சி?" என்று கேட்டார். வேறு சொல் எங்களிடம் இல்லை.

வாசித்துக் காட்டக் கேட்டேன். இதில் இருப்பது நான் சொன்னதே, நடந்ததே.

(ஒப்பம்) அ. சீதா
2007.10.12

பதிந்தவர் குறிப்பு: இதன் சிங்கள மொழிபெயர்ப்பும் சீதாவிடம் ஒப்பத்துக்காகக் கொடுக்கப்பட்டது. அதில் அச்சொல் வெடிகுண்டைக் குறிக்கும் 'போம்பய' என்றிருந்தது. இவர் அதை வெட்டி, உருண்டையைக் குறிக்கும் 'போலய' என்று எல்லா இடங்களிலும் எழுதினார். அடித்தல் உள்ள தாள் செல்லாது எனவும், புதிய தாள் தயாராகும் வரை வெளியே போக முடியாது எனவும் பொறுப்பதிகாரி தெரிவித்தார். இவர் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தார்.