புல்லில் இருந்தவர்கள்

பென்சிலை இரண்டு முனையிலும் சீவி வைப்பது என் வழக்கம். ஒரு முனை முறிந்தாலும் வேலை நிற்காது. மாலை வகுப்பில் நில அளவை படிக்கும்போது பழகியது. நாட்குறிப்பு எழுதுவதும் அங்கே பழகியதுதான். அதைப் பார்த்தே இந்த விசாரணையில் சொல்கிறேன், ஐயா. என் ஞாபகத்தை நான் நம்புவதில்லை.

1976 மார்ச், மூன்றாம் ஞாயிறு. மெல்பேணில், மாடிக் குடியிருப்புகளுக்குப் பின்னால் இருந்த சின்னப் பூங்காவை எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்று எண்ணி வர நகரசபை என்னை அனுப்பியது. பத்துப் பேருக்குக் குறைந்தால் அந்த நிலம் வாகனத் தரிப்பிடம் ஆகும். ஆற்றுக்கு அப்பால், பெரிய வீடுகளின் பக்கம், மூன்று பூங்காக்கள் இருந்தன. அங்கே எண்ணச் சொல்லி யாரையும் அனுப்பவில்லை.

தாளில் இரண்டே கட்டங்கள்: பெஞ்சில் இருப்போர், ஊஞ்சலில் ஆடுவோர். ஊஞ்சலின் சங்கிலி அறுந்து கனகாலம். பெஞ்சுகள் வெறுமையாகக் கிடந்தன. சனமெல்லாம் புல்லில் பழைய சேலைகளை விரித்து இருந்தது. ஏழாம் மாடியில் குடியிருந்த சிவனேஸ்வரி அக்கா என்னைக் கண்டதும் கைகாட்டினார்.

“பெஞ்சு சும்மா கிடக்குது. ஏன் அக்கா நிலத்திலை இருக்கிறியள்?”

“அது வயசான வெள்ளையள் வந்தா இருக்கட்டும் எண்டு விட்டிருக்கிறம். நீர் வந்து இரும். காற்சட்டை கசங்கிப்போம் எண்டு பயமே?”

இருந்தேன். புட்டும் சம்பலும் தந்தார்.

“எங்களை எண்ணிப்போட்டீரோ, தம்பி? இந்த இடத்தையும் எடுத்தாங்கள் எண்டா பிள்ளையள் எங்கை போறது?”

“ஓம் அக்கா. பதினேழு பேர்.”

“என்னை ரெண்டு தரம் எண்ணுங்கோ, மாமா,” என்றாள் அவருடைய ஆறு வயது மகள் ரஞ்சினி. எல்லோரும் சிரித்தோம்.

நாலு மணிக்குத் தாளை வாங்க மேற்பார்வையாளரின் கார் வந்தது. அதைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அவர் புல்லைப் பார்த்து, உன்னுடைய ஆட்களா என்று கேட்டார். தெரியாதவர்கள் என்றேன்.

தாளின் அடியில் குறிப்பு எழுத இடம் இருந்தது. என் ஆங்கிலத்தில் பிழை வந்துவிடும் என்று பயந்து எழுதாமல் விட்டுவிட்டேன். நாட்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அதே பக்கத்தில், புல்லில் பதினேழு பேர் என்று ஆங்கிலத்தில், பிழையில்லாமல், எழுதியும் இருக்கிறேன்.

ஓகஸ்டில் தார் ஊற்றினார்கள். ரஞ்சினி பிறகும் பந்தை எடுத்துக்கொண்டு அங்கேதான் போனாள். ஆற்றுக்கு அப்பால் போவதென்றால் இரண்டு ட்ராம் மாற வேண்டும். நவம்பரில் ஒரு லொறி பின்னுக்கு வந்தது. பிள்ளையைத் தான் காணவில்லை என்று சாரதி உங்களிடம் சொன்னது உண்மையாக இருக்கும். நான் அவளை மார்ச்சிலேயே கண்டிருந்தேன்.

செத்த வீட்டில் அக்கா என் கையைப் பிடித்தார்.

“நீர் எண்ணினனீர்தானே, தம்பி? பிறகேன் எடுத்தவங்கள்?”

“எண்ணினனான், அக்கா.”

இப்போது எங்கே புல்லைக் கண்டாலும் எண்ணுகிறேன். எப்போதும் ஒன்று கூடுகிறது. சரிபார்க்க மறுபடி எண்ணினால் இரண்டு கூடுகிறது.

நான் பொய்க் கணக்குக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். தாளை எடுத்துப் பாருங்கள், ஐயா. ஒருவரும் இல்லை என்று நான் எழுதவில்லை. காரைக் கண்டதும் புல்லிலிருந்து எழுந்து போய் நான் எங்கே இருந்தேனோ, அதை விதிப்படி சேர்த்திருக்கிறேன். பெஞ்சில் இருப்போர்: ஒருவர்.