வட்டத்துக்குள் ஓர் அம்பு

காலை ஷிப்டுக்குச் சுரங்கம் போகிற பேருந்தில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பாதுகாப்புக் காவலர்கள். இளையவர் டிக்கெட்டின் பின்னால் கடிகாரம் போல ஒரு வட்டம் வரைந்து காட்டினார்.

“அண்ணே, நம்ம துப்பாக்கியில குண்டு போடுற பிளாஸ்டிக் மேகசின முதல் ஷிப்டுலயா செஞ்சாங்க? அதுல இந்த மாதிரி வட்டம் பதிச்சிருக்குது, உள்ள முள்ளு ஆறு மணி காட்டுது. செஞ்ச வருசத்த லிஸ்ட்ல எழுதச் சொல்றாங்க, ஒண்ணும் புரியல.”

“அது மணி இல்லப்பா, மாசம். அம்பு ஆறுல நின்னா ஜூன். அம்புக்கு ரெண்டு பக்கமும் இருக்குறது வருசம்.”

“ஒரு பக்கம் ஒண்ணு, இன்னொரு பக்கம் ஏழு இருக்குது. அப்ப ஜனவரியா, ஜூலையா?”

“ரெண்டையும் சேத்துப் படிப்பா. பதினேழு.”

பக்கத்து சீட்டில் இருந்த ஒப்பந்தத் தொழிலாளிப் பெண் தன் மடியிலிருந்த ஹெல்மெட்டைக் கவிழ்த்தார்.

“ஏங்க, இதுலயும் அதே வட்டம் இருக்குதுங்க. பாத்து சொல்லுங்க.”

மூத்தவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “சைபர், எட்டு. ரெண்டாயிரத்து எட்டும்மா. எப்பக் குடுத்தாங்க?”

“முந்தாநேத்துங்க. கான்ட்ராக்ட்காரரு புதுசுன்னு கவரோட குடுத்தாரு. எட்டுங்களா? எம்பொண்ணு பொறந்த வருசங்க அது. இப்ப பிளஸ் டூ படிச்சிகினு இருக்குது.”

“தப்பாப் படிச்சிருப்பீங்கண்ணே,” என்றார் இளையவர்.

மூத்தவர் மறுபடி பார்த்தார். வட்டத்தை விரலால் தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சுரங்க வாசலில் பேருந்து நின்றது.

“கேக்காமயே இருந்திருக்கலாங்க,” என்றபடி அந்தப் பெண் ஹெல்மெட்டை மாட்டி, வாரை இறுக்கிக்கொண்டு இறங்கினார்.