பூங்காவில் நோட்டுப் புத்தகக்காரர்

சிரில்: இதை எங்க எடுத்தேன்னு கேக்க மாட்டியா?

எனிட்: என் பையில எடுத்திருப்ப. பொண்டாட்டி பையைக் குடையற பழக்கம் எப்பலேருந்து?

சிரில்: என்ன இது? காலுறைன்னா தொடையோட நிக்கணும். இது இடுப்பு வரைக்கும் போகுது.

எனிட்: டைட்ஸ். நம்ம லெஸ்டர் ஊர்ல பாதிப் பொண்ணுங்க இப்ப இதைத்தான் போடறாங்க.

சிரில்: குட்டைப் பாவாடைக்காரிங்க போடறாங்க. உனக்கு வயசு நாப்பத்தொண்ணு.

எனிட்: நாப்பது.

சிரில்: யாரு வாங்கிக் கொடுத்தா?

எனிட்: டீ ஆறுது, சிரில்.

சிரில்: ஆறட்டும். காலுறையைப் பிடிச்சு நிறுத்தற கிளிப்பு செஞ்சுதான் பதினெட்டு வருஷமா இந்த வீடு ஓடுது. அந்தக் கிளிப்பே வேணாம்னு வந்த சாமான் என் வீட்டுக்குள்ளயே...

எனிட்: அதனாலதான் உங்கிட்ட சொல்லல.

சிரில்: அது மட்டுமா சொல்லல? செவ்வாய்க்கிழமை, காலையில பதினோரு மணி. ஆத்தோரப் பூங்கா.

எனிட்: பேக்கரியில வேலையா இருந்தேன்.

சிரில்: பூங்காவுல இருந்த. படி ஏறின, இறங்கின, திரும்ப ஏறின. தொப்பி போட்ட ஒருத்தன் பெஞ்சுல உக்காந்து உன் காலையே பாத்துக்கிட்டு இருந்தான்.

எனிட்: அப்புறம்?

சிரில்: அப்புறம் கிட்ட வந்து, குனிஞ்சு முழங்காலைப் பாத்தான். நீ சிரிச்ச.

எனிட்: பாத்துட்டு நோட்டுல எழுதினாரே, அதை விட்டுட்டியே.

சிரில்: எழுதினான்... ஆமா. என்னத்தை?

எனிட்: எத்தனை படி ஏறினா இழை பிரியுது, எங்க சரியுதுன்னு. டைட்ஸ் ஆலையில எனக்கு வேலை, அவரும் அந்த ஆலைக்காரர்தான். நாள் பூரா போட்டுக்கிட்டு நடக்கணும். பேக்கரியை விட்டு ஒரு மாசம் ஆச்சு.

சிரில்: நடக்கறதுக்குச் சம்பளமா?

எனிட்: உக்காந்து எந்திரிக்கறதுக்கும். குனிஞ்சப்ப அவர் மூக்குக்கண்ணாடி சேத்துல விழுந்துச்சு. அதுக்குத்தான் சிரிச்சேன்.

சிரில்: ...சரி.

எனிட்: என்ன சரி? இப்ப நான் கேக்கறேன். யாரு பாத்துச் சொன்னா?

சிரில்: ஒருத்தன்.

எனிட்: ஒருத்தன்னா?

சிரில்: தம்பிதான். ஆர்தர்.

எனிட்: ஆர்தர் திங்கக்கிழமையே வேல்ஸ் போயிட்டான். ரயிலேத்தி விட்டது நான்.

சிரில்: விடு, எனிட்.

எனிட்: விட மாட்டேன். கண்ணாடி விழுந்தது தெரியல, குனிஞ்சது தெரியுது. தூரத்துலேருந்து பாத்திருக்க... நீதான். வேலையைப் போட்டுட்டு என் பின்னாடியே வந்தியா?

சிரில்: பின்னாடி வரல. நீ வர்றதுக்கு முன்னாடியே நான் அங்க இருந்தேன், வாத்துக்குளத்துக்கு அந்தப் பக்கம். நீ கட்டிக் கொடுக்கற ரொட்டியை தினமும் அங்கதான் திங்கறேன். கிளிப்புப் பட்டறையை மூடி மூணு வாரம் ஆச்சு.