மாடி தவறி வந்தவரின் ஷூ

என்னை எல்லோரும் வாயாடி அக்கா என்பார்கள். வயது நாற்பத்தெட்டு. சலவைக்கூடத்தில் வேலை. இரண்டாம் மாடி, கடைசி வீட்டில் தனியாக இருக்கிறேன். ஒரு வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்: யார் எதிரே வந்தாலும், வணக்கம் சொல்வதற்கு முன் அவர் வாயை மோப்பம் பிடித்துவிடுவேன். இந்த வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளும் போலீஸ் ஐயாவையும் பிடித்தேன். வெங்காயம் மட்டும்தான்.

நேற்று மதியம் படுத்திருந்தபோது என் கதவுப் பூட்டில் யாரோ சாவியைப் போட்டுத் துழாவும் சத்தம் கேட்டது. திருடன் அப்படித் துழாவ மாட்டான். இறந்துபோன என் அப்பா அப்படித்தான் துழாவுவார். எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அதன் பிறகு, "கண்ணு, சாப்ட்டியாம்மா? கதவத் தொற" என்று குரல் வந்தது. அப்பா குடிக்காத நாளில் என்னிடம் பேசியதே இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்பதெல்லாம் குடித்தால்தான். "வரேம்ப்பா" என்றேன். வந்தவர் மூன்றாம் மாடிப் பெரியவர் என்பது எனக்குத் தெரியும். மாடி தவறி வந்துவிட்டார், மேலே அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

அதன் பிறகு அவரைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் வாளியை வைத்து, தோல் ஷூவைக் கழற்றி, மறுபடியும் குடிக்கப் போய்விடக் கூடாதே என்று அழுக்குத் துணி மூட்டைக்குள் ஒளித்தேன். சின்ன வயதிலிருந்து கை பழகிய வேலை. அவர் குறட்டையைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு வெளியே பூட்டிக்கொண்டு, மூட்டையோடு சாயங்கால வேலைக்குப் போனேன். அடைத்துவைக்கும் எண்ணமில்லை, எங்கள் வீட்டில் அப்படித்தான் பூட்டுவோம்.

திரும்பி வந்தபோது பெரியவர் உள்ளேயிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். வெளியே அவருடைய மகள். போலீஸில் புகார் அதற்குள் கொடுத்தாகிவிட்டது. "தெருத்தெருவாத் தேடிட்டு வரேன். எங்கப்பாவப் பூட்டி வெக்க நீங்க யாரு?" என்றார். நான் பூட்டைத் திறந்துவிட்டேன்.

"அவரு ஷூ எங்க?"

"அழுக்கு மூட்டைல போட்டேன்."

அந்தப் பெண் என்னையே பார்த்துவிட்டு, "நான் மாவு டின்ல போடுவேன்" என்றார்.

"அதான் உங்க வீட்டு ரொட்டி வாசம் கீழ வரைக்கும் வருது" என்றேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

இனி பெரியவர் மாடி தவறி வந்தால் என்ன செய்வாய் என்று ஐயா கேட்டார். பூட்ட மாட்டேன், திறப்பேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னதுதான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஷூ மூட்டையோடு வெந்நீர் மெஷினுக்குள் போய்விட்டது. சுருங்கிப்போய், இப்போது பெரியவர் காலில் ஏறவில்லை. எனக்குச் சரியாக இருக்கிறது, போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

(கையெழுத்து)