கொக்கின் கண்

அப்படி இழுத்துத் திறக்காதீர்கள், ஐயா. கட்டைவிரலால் மெல்லத் தள்ளினாலே விசிறி தானாக விரியும். போகட்டும், மூடியாவது வையுங்கள். அந்தக் கண்ணைப் பார்த்தால் என் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

கியோட்டோவில் ஒரு விசிறியை ஒருவரே செய்வதில்லை. தட்டையான தாளில் நான் வரைவேன். ஷிகேனோ அக்கா அதை மடித்து மூங்கில் குச்சிகளைக் கோர்ப்பார். இருபது வருடமாக இப்படித்தான். தாள் இரண்டு அடுக்கு. அடி ஓரத்தில் வாய் வைத்து ஊதினால்தான் குச்சி நுழைய வழி கிடைக்கும். அக்காவின் உதடு நாள் முழுக்க என் தாளில்தான் இருக்கும்.

வசந்தகாலக் கண்காட்சிக்கு மூன்று வருடம் வெள்ளைக் கொக்கு வரைந்து அனுப்பினேன். மூன்று முறையும் திரும்பி வந்தது. மடிப்பு சரியாகக் கொக்கின் கண்மேல் விழுந்து சாயம் வெடித்திருந்தது. அக்காவிடமே போய்க் கேட்டேன்.

"மடிக்கிற அச்சு என் மாமியார் காலத்துலேர்ந்து அதேதான்ப்பா," என்றார் சிரித்துக்கொண்டே. "கோடு நகராது. கண்ணை நீதான் ஒரு விரல் தள்ளி வரையணும். பாவம், உன் கொக்கு தூங்கி வழியுது."

விசிறி வாங்க வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த தரகரும் சிரித்தார். ஒரு விரல் தள்ளினால் அந்தப் பார்வையே போய்விடும். இதையெல்லாம் அவர்களுக்கு விளக்கிப் பயனில்லை என்று பட்டது.

அதன்பின் நான் செய்தது பெரிய காரியமில்லை. தாளின் அடி ஓரத்தில் நான் பூசும் பசையில் எலிப் பாஷாணம் கொஞ்சம் கலந்தேன். எங்கள் ஊரில் கோடைக்கு முன்பு வரும் மழைக்காலம் முழுக்க அக்கா ஊதினார். முதலில் வாய்ப்புண் என்றார், பிறகு வயிற்றுவலி. அரிசிக் கஞ்சியும் உப்பில் ஊறிய உமே பழமும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் எதுவும் கலக்கவில்லை. சாப்பாட்டில் கை வைக்கிற ஆள் நான் இல்லை. கோடைத் திருவிழாவுக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தார். நான் அழுதேன், ஐயா, மனசார அழுதேன்.

பிறகு அதே கொக்கை வரைந்து ஃபுஷிமியில் மடிக்கும் தோக்குஜிரோவிடம் கொடுத்தேன். உங்கள் கையில் இருப்பது அதுதான். மடிப்பு எங்கே விழுந்திருக்கிறது என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். அச்சு எல்லாருக்கும் ஒன்றுதானாம், கண்ணை நான்தான் நகர்த்த வேண்டுமாம். அக்கா சாவதற்கு முன்பே இவருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

போன திங்கட்கிழமை அவருக்கு ஐம்பது தாள் அனுப்பிவைத்தேன்.