பதினேழு ஒன்றுகள்

வால்பரைசோவில் குளிர்காலத்தில் வெண்ணெய்ப்பழம் வாங்கினால் காம்பை அழுத்திப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், அய்யா. அன்று நான் வாங்கிய இரண்டும் கல். ஃபெர்மின் தேநீருக்கு வந்தால் கிண்டல் செய்வானே என்றுதான் எனக்குக் கவலை.

ஃபெர்மின் ஒயார்சுன் என்னோடு ஒரே பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவன், வெகுநாள் நண்பன். இந்த ஊரில் எனக்கு இருக்கும் பேரெல்லாம் ஒரே ஓர் எண்ணால் வந்தது. ஒன்றைப் பதினேழு முறை வரிசையாக எழுதுங்கள்: 11111111111111111. அது பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது என்று அறிவித்தவன் நான்.

அதை வகுக்கும் பகா எண் ஏதாவது இருந்தால், அந்தப் பகா எண்ணை 34ஆல் வகுக்கும்போது ஒன்று மிஞ்ச வேண்டும். அந்த வகையை மட்டும் பொறுக்கி, இருபது லட்சம் வரை கையால் வகுத்துப் பார்த்தேன். அதில் வருடங்கள் போயின. அதற்குமேல் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நிறுத்திக்கொண்டேன். என் அறுபத்திரண்டாம் பிறந்தநாளுக்கு மாணவர்கள் கேக்கில் பதினேழு மெழுகுவத்தி நட்டார்கள். நான் அழுதுவிட்டேன்.

அன்று எங்கள் மேட்டுத் தெருவுக்கு ஆட்களை ஏற்றிவரும் கம்பிவட இழுவைப் பெட்டி ஓடவில்லை. ஃபெர்மின் படியேறி, மூச்சிரைக்க வந்தான். போட்டிருந்த கோட்டைக் கழற்றி, கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு நேரே என் கரும்பலகைக்குப் போனான்.

"யோவ் எவரிஸ்டோ, உக்காந்துக்கோ. உன் பதினேழு பசங்களும் ரெண்டு கட்சியா பிரிஞ்சிட்டானுங்க."

2071723 என்று எழுதினான். பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, பிறகு 5363222357.

"இருபது லட்சம் தாண்டிக் கொஞ்ச தூரம்தான்யா. எட்டிப் பாத்திருந்தா மாட்டியிருப்பான். சோம்பேறி."

சிரித்தான். சிரித்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்தான், நாற்காலியில் சரிந்தான்.

"கோட்டுப் பையில மாத்திரை... எடுத்துக் குடுய்யா."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"உன்கிட்டதான் மொதல்ல... மாத்திரைய எடுய்யா."

இங்கேதான் நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒருவன் இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொன்னால், சரியா என்று பார்ப்பதுதான் முறை. அவனுக்குச் செய்யும் மரியாதையும்கூட.

"இரு, பெருக்கிப் பாத்துடறேன்" என்று சாக்பீஸை எடுத்தேன். கோட்டு என் முதுகுக்குப் பின்னால் தொங்கியது. வரிசை வரிசையாகப் பெருக்கி, வலப்பக்கத்திலிருந்து கூட்டினேன். ஓர் ஒன்று வந்தது. அடுத்ததும் ஒன்று. ஃபெர்மின் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு மேசையைத் தட்டினான். பிறகு தட்டவில்லை. சத்தம் இருந்தால் எனக்குக் கணக்குத் தப்பும் என்று அவனுக்குத் தெரியும்.

பதினேழாவது ஒன்றும் வந்தது. வெட்கத்தில் காது சுட்டது. அவன் சொன்னது சரி. அதைச் சொல்லத்தான் திரும்பினேன். கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, உதடு அசைந்தது. உயிர் இருந்தது, அய்யா. அதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் இவ்வளவு நீளப் பெருக்கலில் கை தவறுவது சகஜம். பலகையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன்.