பன்னெண்டு குச்சி வட்டம்

— எதிர் வீட்டுக்கு வந்துடுச்சுண்ணா. எனக்கு மட்டும் ஏன் வரல?

— என்ன வரல? ஒரே காத்துச் சத்தமா இருக்கு... வெளிய நிக்கிறியா?

— சமையலறையிலதான். நோட்டீஸ்ணா. குவாரியில இருந்து ஐநூறு மீட்டருக்குள்ள இருக்கிறவங்க காலி பண்ணணும், வேற வீடு தர்றோம்னு போட்டிருக்கு. அந்த மேப்பே நீ போட்டதுதானே?

— ம்... நீ வட்டத்துக்கு வெளிய இருக்க. நிம்மதியா இரு.

— அளக்க வந்தவரு என் வாசலுக்கு நானூத்தித் தொண்ணூறுன்னு சொல்லிட்டுப் போனாரு. நான் கணக்குல ஃபெயிலுதான். அதுக்காக இதுகூடவா தெரியாது?

— கம்ப்யூட்டர்ல வட்டம் நிஜ வட்டமா இருக்காதும்மா. நேர்க்கோடா வெட்டி வெட்டித்தான் வெச்சுக்கும்.

— வட்டத்தையா?

— உன் வளையலுக்குள்ள தீக்குச்சிய சுத்தி அடுக்கிப் பாரு. குச்சியோட ரெண்டு முனையும் வளையலைத் தொடும். நடுவுல கொஞ்சம் சந்து விழும். உன் வீடு அந்தச் சந்துல இருக்கு.

— பத்து மீட்டருக்கு மேலயா சந்து? அவ்ளோ பெரிய குச்சியா?

— கொஞ்சம் பெருசுதான்.

— எத்தனை குச்சி போட்ட?

— பன்னெண்டு.

— எப்பவும் பன்னெண்டுதானா?

— சாப்பிட்டியா நீ?

— பேச்சை மாத்தாத. சின்ன வயசுல கண்ணாடிய உடைச்சுட்டும் இதேதான் கேட்ட.

— எப்பவும் முன்னூத்தி அறுபது. அதுல சந்து ரெண்டு சென்டிமீட்டர்கூட வராது.

— அப்ப யாரு குறைச்சது?

— ...நான்தான்.

— அண்ணா... மத்தவங்க யாராவது விட்டுப்போயிருந்தா?

— மத்த பதினொரு பக்கமும் வெறும் காடு. உங்க தெருவுல கடைசி வீடு உன்னுது. பாத்துட்டுத்தான் செஞ்சேன்.

— ஏன் செஞ்ச?

— போன வருஷம் என்ன சொன்ன நீ? அவரு கையால பூசின சுவரு, செத்தாலும் இங்கதான்னு. மாப்ள தவறிப்போய் மூணு மாசம்கூட ஆகல அப்ப. போனை வெச்சுட்டு நான் எங்க தூங்கினேன்.

— சொன்னேன்... இப்ப அதைத் திருத்த முடியுமா?

— முடியும். ரெண்டாவது லிஸ்ட் நாளைக்குத்தான் போகுது. ஆபீஸ்ல பெரியவர்கிட்ட ஒத்துக்கணும், நல்லா வாங்கிக் கட்டிக்குவேன். அது பரவால்ல. ஆனா வீடு போயிடும்மா.

— போகட்டும். முன்னூத்தி அறுபது குச்சியும் போடு. இன்னிக்கே.

— என்னடி இது திடீர்னு... காத்துல பாதி கேக்கல. கொஞ்சம் உள்ள போய்ப் பேசேன்.

— உள்ளதாண்ணா இருக்கேன். முந்தாநாள் வெடி வெச்சப்ப ஒரு கல்லு பறந்து வந்து, கூரையைப் பிச்சுக்கிட்டு அடுப்புக்குப் பக்கத்துல விழுந்துச்சு. நீ பயந்துடுவேன்னுதான்... சொல்லல.